மாப்ள, ஆம்ப்ளிஃபயருக்கு அட்வான்ஸ் குடுத்துறாத

மாப்ள,

எப்படி இருக்கற? ஊட்டுல எல்லாரும் சௌரியமா? கோபில நல்ல மழைன்னு சொன்னாங்க, இங்க கோயமுத்தூர் கணபதில ரெண்டு தூத்தல் போட்டுட்டு நின்னுருச்சு, வெக்க எச்சானதுதான் மிச்சம். உன்ற வாய்ஸ் மெசேஜ் மூணு நாளைக்கு முன்னாடியே வந்துது, பதினோரு நிமிசம் பேசிருக்கற, கடைல மோட்டாருக்கு காயில் எறக்கிக்கிட்டே முச்சூடும் கேட்டேன். பதிலயும் பேசியே அனுப்பலாம்னு பாத்தா பக்கத்து லேத்துக்காரன் விடமாட்டேங்கறான், அதனால ரவைக்கு உக்காந்து டைப் பண்றேன். நீளமாத்தான் போகும், சாளைல கயித்துக் கட்டல்ல படுத்துக்கிட்டு மெதுவா படி.

சொசைட்டில இருந்து ரிட்டயர் ஆன பணத்துல ரெண்டு லட்சத்த பாட்டு கேக்கறதுக்குன்னே தனியா எடுத்து வெச்சிருக்கறேன்னு சொன்ன பாரு, அத கேட்டு நான் தனியா சிரிச்சுக்கிட்டிருந்தேன், பசங்க ஒரு மாதிரி பாத்தானுங்க. நல்ல சோலி பண்ற. ஆனா அடுத்த மூச்சுலயே ஒன்ற லட்சத்துக்கு வால்வு ஆம்ப்ளிஃபயரு, மிச்சம் அம்பதாயிரத்துல ஹெட்போனுன்னு சொன்னயே, மச்சினன் சொன்னாருன்னு, அங்கதான் கைல இருந்த கம்பிய கீழ வெச்சேன். அம்பதாயிரத்துக்கு மாடு புடிச்சு ஒன்ற லட்சத்துக்கு தும்பு வாங்கற கதையா இருக்குது.

மச்சினன் மேல எனக்கு ஒண்ணும் கோவமில்ல. நானும் அப்படித்தான் ஆரம்பிச்சேன். மூணு வருசத்துல மூணு ஆம்பு வாங்கி ரெண்ட வித்தேன், உன்ற தங்கச்சிக்கு ஒண்ணோட கணக்குத்தான் தெரியும், நீ வாயத் தொறந்துறாத.

ஓம்ஸு கணக்கு, அதான் கரன்ட்டுக்கு எவ்வளவு தடைங்கற கணக்கு, மண்டைல ஏறலன்னு சொன்ன. அட, நாம பாலிடெக்னிக்குல ஒரே பெஞ்சுல உக்காந்து படிச்சதுதான், நீ சொசைட்டிக்குப் போயி உரக்கணக்கு எழுதி மறந்துட்ட. ஹெட்போனுக்குள்ளயும் இருக்கறது காயில்தான். காந்தத்துக்கு நடுவுல ஒரு குட்டிக் காயில், அதோட ஒரு மெல்லிசான தகடு, கரன்ட்டு போனா ஆடுது, சத்தம் வருது. காயில மயிரிழை மாதிரி கம்பில நெறைய சுத்து சுத்துனா ஓம்ஸ் எச்சா வரும், அதுக்கு வோல்ட்டேஜ் வேணும். தடிச்ச கம்பில கொஞ்சமா சுத்துனா ஓம்ஸ் கம்மி, வோல்ட்டேஜ் கம்மியா போதும், ஆனா கரன்ட்ட இழுக்கும். பேயர்டைனமிக்ல டிடி 990ன்னு ஒரே மாடல 32, 250, 600 ஓம்ஸுன்னு விக்கறானே, பாத்தயா, 600 தான் பெருசு அதனால ஒசத்தின்னு அதை வாங்கி போன்ல சொருகீட்டு சத்தமே வரலன்னு எங்கிட்ட கொண்டாந்தவங்க உண்டு. பம்புசெட்டு மோட்டார சிங்கிள் பேஸ்ல மாட்டுன மாதிரி.

சரி, பாட்டு கேக்க எவ்வளவு பவர் வேணும்னு நெனைக்கற? சென்ஹைசர் ஹெச்டி 600ன்னு ஒண்ணு, 1997ல வந்தது, இன்னைக்கும் விக்கறாங்க, 300 ஓம்ஸு. 1 வோல்ட்டு குடுத்தா 97 டெசிபல் வரும்னு கம்பெனிக்காரனே போடறான். 1 வோல்ட்டு 300 ஓம்ஸ்ல எவ்வளவு, நீயே வகுத்துப் பாரு, 3 மில்லிவாட்டு சொச்சம். அதுக்கு மேல 10 டெசிபல் வேணும்னா பவர் பத்து மடங்கு, அதாவது 33 மில்லிவாட்டு. தவில் விழுகற அந்த ஒரு நொடிக்குக்கூட அவ்வளவுதான். நாம சும்மா சாஞ்சு உக்காந்து கேக்கற சத்தத்துக்கு 1 மில்லிவாட்டே எச்சு. நம்ம கடைக்கு வர்ற அரை ஹெச்பி கிரைண்டர் மோட்டாரு 373 வாட்டு. புரியுதா? இதுக்குப் போயி ஒன்ற லட்சம்.

பவர் தின்னு கொல்ற பண்டமும் இருக்குது, இல்லைங்கல. ஹைஃபைமேன் ஹெச்இ-6ன்னு ஒண்ணு, 1 மில்லிவாட்டுக்கு வெறும் 83.5 டெசிபல், அதை ஸ்பீக்கர் ஆம்புல மாட்டி கேட்டவங்களே உண்டு. அப்பறம் ஜப்பான்காரன் ஸ்டாக்ஸ், 1960ல இருந்து எலக்ட்ரோஸ்டாட்டிக்னு ஒரு வகை ஹெட்போன் பண்றான், அதுல காயிலே கெடையாது, தகட்டுல எப்பவும் 580 வோல்ட்டு நிக்கற மாதிரி குடுக்கோணும், அதுக்குன்னு தனி பொட்டி. நம்ம தோட்டத்து லைன்ல அதை ஓட்டணும்னா எனக்கு வயித்தக் கலக்கும். அது நமக்கு வேண்டாம்.

வால்வு ஆம்புல பாட்டு இதமா இருக்குதுன்னு மச்சினன் சொன்னது பொய்யில்ல, காரணத்தத்தான் அவரு மாத்திச் சொல்றாரு. அந்த மாதிரி ட்ரான்ஸ்ஃபார்மர் இல்லாத வால்வு ஆம்போட அவுட்புட்லயே 100 ஓம்ஸ் கிட்ட தடை நிக்கும். ஹெச்டி 600 பேருக்குத்தான் 300 ஓம்ஸு, கீழ 100 ஹெர்ட்ஸ் பக்கம் 500ஐத் தாண்டும். ரெண்டும் சீரிஸ்ல நின்னா எங்க ஓம்ஸ் எச்சா இருக்குதோ அங்க வோல்ட்டேஜ் எச்சா விழுகும், அதனால பேஸு, அதான் அடில வர்ற கனத்த சத்தம், ஒரு டெசிபல் கிட்ட ஏறும். அவ்வளவுதான் சங்கதி. அதே ஆம்புல 32 ஓம்ஸு ஹெட்போன மாட்டுனா எங்க ஏறும் எங்க எறங்கும்னே சொல்ல முடியாது. ஆம்போட அவுட்புட் ஓம்ஸு ஹெட்போன்ல எட்டுல ஒரு பங்குக்குள்ள இருந்துட்டா இந்த வம்பே இல்ல. பேஸு வேணும்னா ஃபோன்ல ஈக்வலைசர்ல ஒரு கோடு ஏத்திக்க, ஓசி.

இப்ப நான் பட்ட அவமானத்த சொல்றேன். போன தைல ஒரு நாளு பொழுதோட, என்ற பொண்ணு லீவுக்கு வந்திருந்தா, எங்கிட்ட அப்ப ரெண்டு ஆம்பு இருந்துது, ஒண்ணு எட்டாயிரம், இன்னொண்ணு அறுபத்தஞ்சாயிரம். பெருசுல பாடறவங்க மூச்சு விடறது வரைக்கும் தெளிவா இருக்குதுன்னு அவகிட்ட அளந்துக்கிட்டிருந்தேன். அவ அப்படியா, கண்ண மூடீட்டு சொல்லுங்கப்பான்னுட்டா. சரின்னு மல்டிமீட்டர எடுத்தேன், ரெண்டு ஆம்பும் ஒரே டாக்ல இருந்து, அதான் டிஜிட்டல் பாட்ட கரன்ட்டா மாத்தற பொட்டி, 60 ஹெர்ட்ஸ் டோன் ஒண்ண ஓட விட்டு ஹெட்போன் மாட்டுன மேனிக்கே ஏசி வோல்ட்டேஜ் பாத்து வால்யூம ஒரு சதவீதத்துக்குள்ள கொண்டாந்து நிறுத்துனேன். இதுதான் முக்கியம் மாப்ள, ஒண்ணு சித்த சத்தமா இருந்தாப் போதும், அதுதான் நல்லாருக்குதுன்னு காது சொல்லீரும், கடைக்காரனுக்கு இது நல்லாத் தெரியும். அப்பறம் கண்ணுக்கு துண்டு கட்டிக்கிட்டு உக்காந்தேன். அவ காச சுண்டிப் பாத்து பிளக்க மாத்தி மாத்தி சொருகறா, நான் பெருசா சின்னதான்னு சொல்லோணும். இருவது தடவ. பதினொண்ணு சரி, ஒம்போது தப்பு. குருட்டாம்போக்குல சொன்னாலே பத்து வந்திருக்கும். உன்ற தங்கச்சி அடுப்படில இருந்து எட்டிப் பாத்து, சின்னதே போதும்ல, பெருச வித்துப்போட்டு எனக்கொரு மிக்சி வாங்குங்கன்னுட்டா. வித்துட்டேன். மிக்சி வந்துருச்சு, ஆம்ப விட சத்தமா இருக்குது.

ஆனா ஹெட்போன மாத்துனா துண்டும் வேண்டாம் மீட்டரும் வேண்டாம். போட்ட அஞ்சாவது நொடில வேறன்னு தெரியும். ஹெச்டி 600ல பாடற குரலு மனுசன் எதுக்கால உக்காந்திருக்கற மாதிரி, ஆனா அடி பேஸு கம்மி, உறுமி மேளம் வந்தா பொசுக்குன்னு போயிரும். ஹைஃபைமேன் சுந்தரா இருக்குதே, அது பிளேனார், அதுல சுத்துன காயில் கெடையாது, மெலிசான பிலிம்ல கம்பி கோலம் போட்ட மாதிரி ஒட்டியிருக்கும், அக்கட்டால காந்தம். 37 ஓம்ஸு. பேஸு அடி வரைக்கும் நேரா எறங்குது, வீணைத் தந்திய சுண்டுன அந்த நகத்துச் சத்தம் தனியா கேக்குது. எடை 372 கிராம், ஹெச்டி 600 அதைவிட நூறு கிராம் கிட்ட கம்மி. இது சின்ன விசயமில்ல, நமக்கு அறுவது ஆச்சு, கழுத்து வலிக்கு தைலம் தேச்சுக்கிட்டு பாட்டு கேக்க முடியாது. சில பிளேனாரு 600 கிராமுக்கு மேல, தலைல செங்கல்ல வெச்ச மாதிரி.

இது ரெண்டும் ஓப்பன் பேக்கு, பின்னாடி சல்லடை மாதிரி தொறந்திருக்கும், வெளிச் சத்தம் உள்ள வரும், உள்ள இருக்கறது வெளிய போகும். எனக்கு இங்க ராத்திரி பத்து மணிக்கு மேலதான் ஒதவும். உனக்கு அந்தக் கவலையே இல்ல, தோட்டத்துல மயில் கத்தறதும் தென்ன மட்டை ஒரசறதும்தான். கத்தட்டும், அதுவும் பாட்டுதான். மூடுன ஹெட்போனு உனக்கு வேண்டாம், நீ கண்ணாடி போடறவன், காம்பு இடுக்குல காத்து போயி பேஸு ஒழுகீரும், சித்திரைல காது வேர்த்து நாறும். பேடு துணில இருக்கறதா பாரு, தனியா கழட்டி மாத்தற மாதிரி.

கேபிளப் பத்தி ஒண்ணு. இங்க ஒரு கடைல பதினெட்டாயிரத்துக்கு ஒரு கேபிள காட்டி, சுத்தமான தாமிரம் சார், எலக்ட்ரான் ஸ்மூத்தா ஓடும்னான். முப்பத்தஞ்சு வருசமா தாமிரத்த கிலோ கணக்குல சுத்தி பொழைக்கறவன்கிட்ட. சிரிச்சுக்கிட்டே வந்துட்டேன். 192 கிலோஹெர்ட்ஸ் பாட்டுன்னு, நொடிக்கு அத்தன ஆயிரம் தடவ அளந்து பதிஞ்சதுன்னு, இன்னொருத்தன் வருவான், அவனுக்கும் கும்புடு போட்டுரு. சீடியோட 44.1 கிலோஹெர்ட்ஸே இருவதாயிரம் ஹெர்ட்ஸத் தாண்டிக் குடுக்குது, நம்ம காது அதுல பாதியத் தாண்டுதான்னு மொதல்ல பாக்கலாம்.

அதைத்தான் சொல்ல வந்தேன். போன மாசம் காந்திபுரத்துல காது டாக்டர்கிட்ட ஆடியோகிராம் எடுத்தேன். கண்ணாடி ரூம்புல உக்கார வெச்சு பீப் சத்தம் கேட்டா பட்டன அமுக்கச் சொன்னாங்க. ரொம்ப நேரம் சும்மா உக்காந்திருந்தேன், மிசின் ரிப்பேருன்னு நெனச்சு அந்தப் புள்ளையப் பாக்கறேன், அது கண்ணாடிக்கு அந்தப்பக்கம் சத்தத்த ஏத்திக்கிட்டே இருக்குது. 4000 ஹெர்ட்ஸ்ல பள்ளம், கெணறு மாதிரி. டாக்டர் காகிதத்தப் பாத்தொடன கேட்டாரு, தறி ஓட்டுனீங்களான்னு. சோமனூர்ல நீயும் நானும் ஒரே குடோன்ல ரெண்டு வருசம் நின்னோமே மாப்ள, நாடா அடிக்கற சத்தத்துல சாடையிலதான் பேசிக்குவோம், சம்பளத்துல கேசட்டு பதியறதுக்குன்னு பத்து ரூவா ஒதுக்கி வெப்போம். பாட்டுக்குன்னு போயி நின்ன எடத்துலயே காதக் குடுத்துட்டு வந்திருக்கறோம். நீ என்ற வலது பக்கம், மோட்டாருக்குப் பக்கத்துல நின்ன. அதனால பணத்த எடுக்கறதுக்கு முன்னாடி நீ ஒரு ஆடியோகிராம் எடுத்துரு, ஈரோட்லயே எடுக்கலாம். எங்க பள்ளம்னு தெரிஞ்சா எந்த ஹெட்போனுன்னும் தெரியும். காது மந்தமாயிருச்சுன்னு வால்யூம ஏத்துனா மிச்சமும் போயிரும், வாரத்துக்கு 40 மணி நேரம்னா 80 டெசிபலுக்குள்ளன்னு உலக சுகாதார நிறுவனம் சொல்லுது, 90க்குப் போனா 4 மணி நேரந்தான்.

அப்பறம் எர்த்த பாரு. எனக்கு லேப்டாப் சார்ஜர மாட்டுனா காதுல ங்ங்ஙன்னு 50 சைக்கிள் ஹம்மு, கழட்டுனா போயிரும், ஒரு மாசம் ஆம்புதான் கோளாறுன்னு திட்டிக்கிட்டிருந்தேன், கடைசில பாத்தா ஊட்டு எர்த் குழி காஞ்சு கெடக்குது. ஊருக்கெல்லாம் மோட்டார் பாக்கறவன் ஊட்டு லட்சணம். உப்பும் கரியும் போட்டு ரெண்டு கொடம் தண்ணி ஊத்துனேன், ஹம்மு பாதிக்கு மேல அடங்குச்சு, மீதிக்கு பேட்டரில ஓட்டிக்கறேன்.

ஆக இப்ப எதுவும் வாங்காத. அட்வான்சும் குடுத்துறாத. ஞாயித்துக்கெழம வெடியால பஸ் ஏறி வா, ரெண்டு நாளு தங்கற மாதிரி, என்ற ரெண்டு ஹெட்போனையும் போட்டு நீ தெனமும் கேக்கற பாட்டையே கேளு, ஒவ்வொண்ணயும் ஒரு மணி நேரமாவது தலைல வெச்சிரு. எனக்குப் புடிச்சது உனக்குப் புடிக்கோணும்னு இல்ல, காது மடலே ஆளுக்கு ஆளு வேற. கணக்குப் போட்டா நாப்பது நாப்பத்தஞ்சாயிரத்துல எல்லாம் முடிஞ்சுரும், மிச்சத்த அப்பறம் பாத்துக்கலாம், இல்ல என்ற மாதிரி ஒரு மிக்சி வாங்கு.

ஆங், சொல்ல மறந்துட்டேன். அட்டாலிய ஒதுக்கறப்ப அந்த 90 நிமிச கேசட்டு ஒண்ணு சிக்குச்சு, சைடு ஏ என்ற கையெழுத்து, சைடு பி உன்னுது, அடிச்சு அடிச்சு எழுதிருக்கற. டெக்கு இருக்குது, மோட்டாரு ஓடுது, ரப்பர் பெல்ட்டுதான் தார் மாதிரி உருகி ஒட்டிக்கிச்சு. இங்க ரெண்டு கடைல கேட்டேன், கைய விரிச்சுட்டானுங்க. ஆடியோகிராமுக்கு ஈரோட்டுக்குப் போனயின்னா, மணிக்கூண்டு பக்கம் பழைய ரேடியோ ரிப்பேர் கடை எதுலயாவது சதுர பெல்ட்டு கெடச்சா ரெண்டு வாங்கீட்டு வா, ஒண்ணு அந்து போனாலும் ஒண்ணு இருக்கும்.

இப்படிக்கு
உன்ற மாப்ள