வழக்கு குறைந்தால் நற்பெயரா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். காவலர்களின் பணி மதிப்பீடு நேர்மையாக நடக்க வேண்டும் என்ற பேச்சு எழும்போதெல்லாம், அது அவர்களுடைய பதவி உயர்வைச் சார்ந்த துறை விவகாரம் என்றே பலரும் எண்ணுகின்றனர். புகார் மனுவுடன் காவல் நிலையப் படியேறியவன் என்ற முறையில், அது பொதுமக்களாகிய எங்களையும் நேராகப் பாதிக்கிறது என்பதைத் தெரிவிக்க விரும்புகிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன் என் வீட்டு வாசலில் நிறுத்தியிருந்த இருசக்கர வாகனம் திருடுபோயிற்று. காவல் நிலையத்தில் மனுவை வாங்கிக்கொண்டு சி.எஸ்.ஆர். ரசீது மட்டும் கொடுத்தார்கள்; அது மனு பெற்றதற்கான சான்றுதான், வழக்குப் பதிவு ஆகாது. காப்பீட்டு நிறுவனமோ முதல் தகவல் அறிக்கை கேட்டது. மூன்றாம் முறை சென்றபோது வயதில் மூத்த ஏட்டு ஒருவர் என்னைத் தனியே அழைத்து, "மாசக் கடைசி சார், கிரைம் மீட்டிங் வருது. போன வருஷத்தைவிடத் திருட்டு கேஸ் கூடிப்போச்சுன்னு எங்க இன்ஸ்பெக்டரை நிக்க வெச்சுக் கேப்பாங்க. ஒண்ணாம் தேதிக்கு மேல வாங்க" என்றார். அவர் கையூட்டு கேட்கவில்லை. மேசைக் கண்ணாடிக்கு அடியிலிருந்த தாளில், சென்ற ஆண்டு, இந்த ஆண்டு என இரு கட்டங்களில் பென்சிலால் எழுதியிருந்த எண்களை விரலால் தொட்டுக் காட்டினார். என் வழக்கு அடுத்த மாதம் 5-ஆம் தேதிதான் பதிவானது.

பிடியாணை இன்றிக் கைது செய்யத்தக்க குற்றம் பற்றித் தகவல் வந்தால் வழக்குப் பதிவு கட்டாயம் என்று லலிதா குமாரி வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு 2013 நவம்பரில் தீர்ப்பளித்திருக்கிறது. தீர்ப்பு ஒன்றைச் சொல்ல, மாதக் கூட்டத்தின் எண்ணிக்கை வேறொன்றைக் கேட்டால், நடுவில் நிற்கும் காவலர் எதற்குப் பணிவார்? வழக்குப் பதிந்தவருக்குக் கண்டிப்பும் தவிர்த்தவருக்கு நற்பெயரும் கிடைக்கும் இடத்தில், நேர்மையானவரே முதலில் தண்டிக்கப்படுகிறார்.

இத்தகைய எண்ணிக்கைகளில் இடம்பெறாத உழைப்பும் உண்டு. 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கடலூரைப் புரட்டிப்போட்டபோது, சாலையில் விழுந்து கிடந்த மரங்களைப் பொதுமக்களோடு சேர்ந்து இழுத்து அப்புறப்படுத்திய காவலர்களை என் கண்ணால் கண்டேன். அந்த நாட்களில் அவர்கள் பிடித்த வழக்கு ஒன்றுகூட இருந்திராது. அதை எந்த மதிப்பெண்ணில் சேர்ப்பது?

பணி மதிப்பீட்டில் எழுதப்படும் ஒவ்வொரு பதிவும், நல்லதோ கெட்டதோ, உரிய காலத்துக்குள் அந்த ஊழியருக்குத் தெரிவிக்கப்பட வேண்டும் என்பது தேவ் தத் வழக்கில் 2008-லும், சுக்தேவ் சிங் வழக்கில் 2013-லும் உச்ச நீதிமன்றம் வகுத்த நெறி. ராணுவம் நீங்கலாகக் காவல் துறைக்கும் அது பொருந்தும். மேலதிகாரியின் வீட்டு வேலைக்கு மறுத்ததற்காக ஒருவருக்குக் குறைந்த மதிப்பெண் விழுந்திருந்தால், அதை அறிந்து கேள்வி கேட்க அவருக்கு வழி தருவது இந்த நெறிதான்.

மனு கொடுத்த நாளுக்கும் வழக்குப் பதிந்த நாளுக்கும் இடைப்பட்ட தாமதத்தையே பணிக்குறையாகக் கணக்கிட வேண்டுமென்றும், பதிவான வழக்குகள் கூடியதை மட்டும் காரணமாக்கி எந்த அலுவலரையும் குறைத்து மதிப்பிடக்கூடாது என்றும் தமிழகக் காவல் துறைத் தலைமையைத் தங்கள் இதழ் வழியாகக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற ஆசிரியர்,
மஞ்சக்குப்பம், கடலூர்.