பீட்டில் சூடாகிறது என்று எழுதியவருக்கு

அன்புள்ள பீட்டில்காரருக்கு,

உங்கள் பழைய வோக்ஸ்வாகன் பீட்டில் காரை நெடுஞ்சாலையில் முக்கால் மணி நேரம் ஓட்டிவிட்டு நின்றால் ஆயில் விளக்கு மினுக்குகிறது, ஆயில் அளவு பார்க்கும் டிப்ஸ்டிக்கைத் தொட முடியவில்லை, வெளியே தனி ஆயில் கூலர் மாட்டலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். இப்போதைக்கு வேண்டாம். இந்த இன்ஜினைக் குளிர்விப்பது காற்று. அந்தக் காற்று சரியாகப் போகாமல் ஆயிலை மட்டும் குளிரவைத்தால், விளக்கு அணைந்துவிடும். சிலிண்டரை மூடியிருக்கும் சிலிண்டர் ஹெட் வெந்துகொண்டே இருக்கும்.

முதலில் ஆயிலின் வெப்பத்தை அளந்து பாருங்கள். விரல் தெர்மாமீட்டர் ஆகாது. 60 டிகிரி இரும்பையே பிடித்துக்கொண்டிருக்க முடியாது, ஆனால் ஆயிலுக்கு அது குளிர்ச்சி. ஓடும்போது 80 முதல் 110 டிகிரி வரை இருந்தால் இன்ஜின் நலம். 120-ஐத் தாண்டி அங்கேயே நின்றால்தான் நோய். கூடவே ஒரு பிரஷர் கேஜையும் மாட்டிப் பாருங்கள். ஆயில் 70 டிகிரியில் இருக்கும்போது 2500 ஆர்.பி.எம்.மில் 2 பார் அழுத்தமாவது வேண்டும். வெப்பம் சரியாக இருந்து அழுத்தம் மட்டும் குறைந்தால், தேய்ந்தது பேரிங்காகவோ ஆயில் பம்பாகவோ இருக்கலாம். அதற்கு இந்தக் கடிதம் உதவாது. ஐடிலில் (வண்டி நின்று இன்ஜின் மட்டும் சுற்றும்போது) மினுக்கி, ஆக்ஸிலரேட்டர் கொடுத்ததும் விளக்கு அணைந்தால் வீடு வரை வரலாம். ஓடும்போதே எரிந்தால் அந்த இடத்திலேயே நிறுத்துங்கள்.

வெப்பம் உண்மை என்று தெரிந்துவிட்டால், காற்றின் வழியை ஆரம்பத்திலிருந்து பின்தொடருங்கள். ஃபேன் பெல்ட்டைக் கட்டைவிரலால் அழுத்தினால் சுமார் 15 மி.மீ. உள்ளே போக வேண்டும். அதற்கு மேல் தொய்ந்தால் ஜெனரேட்டர் புல்லியைப் பிரித்து, இரண்டு பாதிகளுக்கு நடுவிலிருக்கும் ஷிம் வாஷர்களில் (மெல்லிய வளையத் தகடுகளில்) ஒன்றை எடுத்து வெளிப்பக்கம் நட்டுக்கு அடியில் போடுங்கள். எடுத்ததைத் தூக்கி எறியாதீர்கள், அடுத்த பெல்ட்டுக்கு அது வேண்டும்.

அடுத்தது தகரங்கள். முக்கால்வாசி கேஸ் இங்கேதான் மாட்டும். இன்ஜின் அறையின் மேல்பாதி குளிர்ந்த காற்றுக்கு, அடிப்பக்கம் சூடான காற்றுக்கு. நடுவில் இருக்கும் தகரமும் விளிம்பு ரப்பரும்தான் சுவர். அந்த ரப்பர் கிழிந்திருந்தாலோ, பிளக் வயர்களின் ரப்பர் மூடி காணாமல் போயிருந்தாலோ, வெளியே தள்ளிய சூட்டையே ஃபேன் திரும்ப உறிஞ்சும். எக்ஸாஸ்ட் சூட்டால் காருக்குள் வெப்பம் தரும் ஹீட் எக்ஸ்சேஞ்சரை எடுத்துவிட்டு வேறு சைலென்சர் போட்டிருந்தால், ஃபேனைச் சுற்றியிருக்கும் தகரக் கூடான ஷ்ரவுடின் இரண்டு ஹீட்டர் வாய்களையும் அடைத்தே ஆக வேண்டும். இல்லாவிட்டால் சிலிண்டருக்குப் போக வேண்டிய காற்று அதன் வழியே ஓடிவிடும். சிலிண்டர்களுக்கு அடியில் இருக்கும் சின்னத் தடுப்புத் தகடுகளை இன்ஜின் பிரித்துக் கட்டுகிறவர்கள் மறந்துவிடுவது வழக்கம், டார்ச் அடித்துப் பாருங்கள். ஷ்ரவுடைத் தூக்கினால் சிலிண்டரைச் சுற்றியுள்ள மெல்லிய ஃபின் தகடுகளுக்கு நடுவே எலிக்கூடும் துணியும் கிடைத்தால் ஆச்சரியப்பட வேண்டாம். ஆயில் கசிந்த இடத்தில் ஒட்டிய மண், கம்பளி போர்த்தியதுபோல.

ஷ்ரவுடுக்குள் இருக்கும், சூட்டுக்கேற்பத் திறந்து மூடும் தெர்மோஸ்டாட் ஃப்ளாப்களை "வெப்ப நாட்டுக்குத் தேவையில்லை" என்று பிடுங்கிப் போடுகிற பழக்கம் உண்டு. தவறு. திறந்த நிலையில் காற்றைச் சிலிண்டர்கள் பக்கம் திருப்பிவிடுவதே அவைதான். தெர்மோஸ்டாட்டை 65 முதல் 70 டிகிரி வெந்நீரில் போட்டால் குறைந்தது 46 மி.மீ. நீளத்துக்கு விரிய வேண்டும்.

காற்று சரி என்றால், இன்ஜினே அதிகச் சூட்டை உண்டாக்குகிறதா என்று பாருங்கள். முதலில் டிஸ்ட்ரிபியூட்டருக்குள் இருக்கும் பாயின்ட்களின் இடைவெளி, அதாவது கேப், 0.4 மி.மீ., பிறகுதான் டைமிங் (பிளக்கில் பொறி விழும் நேரம்), ஏனென்றால் கேப் மாறினால் டைமிங்கும் மாறும். 009 வகை டிஸ்ட்ரிபியூட்டர் என்றால் ஐடில் அளவை நம்பாதீர்கள். 3000 ஆர்.பி.எம்.முக்கு மேல் சுற்றவிட்டு, மொத்த அட்வான்ஸ் (பொறி எத்தனை டிகிரி சுழற்சிக்கு முன்பே விழுகிறது என்பது) 28 முதல் 32 டிகிரிக்குள் வருகிறதா என்று டைமிங் லைட்டில் பாருங்கள். கீழே இருக்கும் பெரிய கிராங்க்ஷாஃப்ட் புல்லியில் குறி இல்லையா? விளிம்பைச் சுற்றி நூல் கட்டி, அந்த நீளத்தை 12-ஆல் வகுங்கள், அதுதான் 30 டிகிரி. டி.டி.சி. (பிஸ்டன் உச்சியில் நிற்கும் இடம்) குறியிலிருந்து வலப்பக்கம் அவ்வளவு தள்ளிக் கோடு போடுங்கள்.

அடுத்து பெட்ரோலும் காற்றும் சேர்ந்த கலவை. மேனிஃபோல்ட் கேஸ்கெட்டில் காற்று புகுந்தாலோ கார்புரேட்டரில் பெட்ரோல் வரும் துளையான மெயின் ஜெட் சிறியதாக இருந்தாலோ லீனாக (பெட்ரோல் குறைந்து) எரியும், ஹெட் சூடேறும். நெடுஞ்சாலையில் ஓட்டும்போதே இன்ஜினை அணைத்து, கிளட்ச் மிதித்து ஓரங்கட்டி பிளக்கைப் பாருங்கள். வெளுத்திருந்தால் லீன்.

இன்னும் சூடு குறையவில்லையா? கிராங்க்ஷாஃப்ட் புல்லிக்குக் கீழே இடப்பக்கம் பெரிய ஸ்க்ரூ இருக்கும், அதற்குள் ஆயில் அழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் ரிலீஃப் பிஸ்டன். அது இறங்கியபடியே சிக்கிக்கொண்டால் ஆயில் கூலரைத் தொடாமலே சுற்றும், அழுத்தமும் விழும். பிஸ்டன் வெளியே வராவிட்டால் 10 மி.மீ. டேப்பை (மரை வெட்டும் கருவியை) செருகித் திருகி இழுக்கலாம். இந்த நேரத்தில் கெட்டியான ஆயில் ஊற்றுவது தீர்வாகாது. கெட்டி ஆயிலும் கூலருக்குள் நுழையாமல்தான் போகும். இன்ஜினுக்கு 2.5 லிட்டர் போதும்.

கடைசியாக, இரவு முழுக்க ஆறிய இன்ஜினில் வால்வு கேப் (வால்வுக்கும் அதைத் தள்ளும் ராக்கர் கைக்கும் நடுவிலுள்ள இடைவெளி) 0.15 மி.மீ. இருக்கிறதா என்று பாருங்கள், மூன்றாம் சிலிண்டரின் எக்ஸாஸ்ட் வால்வைக் குறிப்பாக. இடப்பக்க முன் சிலிண்டர் அது. பழைய ஷ்ரவுடில் ஆயில் கூலர் அதன் தலைக்கு மேலேயே நிற்பதால், காற்று அதற்குக் குறைவு. சூட்டின் சேதம் முதலில் தெரிவதும் அங்கேதான். சரிசெய்து ஆயிரம் கிலோமீட்டர் ஓடுவதற்குள் அந்த கேப் மட்டும் மறுபடி குறைந்திருந்தால், வால்வு நீள்கிறது. ஹெட்டைக் கழற்றும்வரை வண்டியை நெடுஞ்சாலைக்கு எடுக்காதீர்கள்.

அன்புடன்.