சீனிக்குக் கழிவு வேண்டாம், தம்பி

திருநெல்வேலி,
யாழ்ப்பாணம்.

அன்புள்ள தம்பிக்கு,

இங்கே நான் நல்ல சுகம். உன் சுகமும் மருமகளின் சுகமும் பேரப்பிள்ளைகளின் சுகமும் அறிய ஆவல். தொலைபேசியில் கதைத்தால் நீ "சரி அம்மா, சரி அம்மா" என்று வேலைக்கு ஓடிவிடுவாய். எனக்கும் பாதி மறந்துவிடும். அதனால் கடை பூட்டி வந்த பிறகு இரண்டு இரவாக இருந்து இதை எழுதியிருக்கிறேன். இதைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு கணினியைத் திற.

நீ ரொறன்ரோவில் இருந்தபடியே எங்கள் பலசரக்குக் கடைக் கணினிக்குள் புகுந்து, விலையில் குறைத்துக் கொடுக்கும் கழிவையும், வாங்குகிறவர்கள் சேர்த்து வைத்துப் பிறகு காசுபோலப் பாவிக்கும் புள்ளிகளையும் போட்டுத் தந்தாய். நல்லூர்க் கந்தசுவாமி கோயில் கொடியேற்றத்துக்கு முன் முடிக்க வேண்டும் என்று நித்திரை விழித்துச் செய்தாய் என்பதும் எனக்குத் தெரியும். ஆனால் திருவிழாவின் 25 நாளும் முடிந்து கணக்குப் பார்த்தபோது விற்பனை ஏறியிருந்தது, காசு ஏறவில்லை. ஒரு பில்லை எடுத்து வைத்துப் பென்சிலால் கணக்குப் போட்டேன்.

1,000 ரூபாய் பில். எல்லாச் சாமானையும் சேர்த்துப் பார்த்தால் எங்கள் கடையில் ஆயிரத்துக்கு 80 ரூபாய் அளவில்தான் இலாபம் நிற்கும். நீ எல்லாவற்றுக்கும் 5 வீதம் கழிவு போட்டாய். அதில் 50 ரூபாய் போயிற்று. 100 ரூபாய்க்கு 2 புள்ளி, ஒரு புள்ளிக்கு ஒரு ரூபாய் என்று வைத்தாய். அந்தப் புள்ளியும் கழிவு கழிக்க முன்பிருந்த தொகைக்கே ஏறியிருக்கிறது. அதில் 20 ரூபாய். மிச்சம் 10 ரூபாய். மின்சாரக் கட்டணம், கடை வாடகை, கடையில் நிற்கும் இரண்டு பிள்ளைகளின் சம்பளம் எல்லாம் அந்தப் பத்து ரூபாய்க்குள்தான் அடங்க வேண்டும்.

சீனியின் கணக்கு இதைவிட மோசம். கிலோ 240 ரூபாய்க்கு விற்கிறேன். எனக்கு விழுவது 233. ஐந்து வீதம் என்றால் 12 ரூபாய். ஒவ்வொரு கிலோவுக்கும் 5 ரூபாயைக் கையிலிருந்து கொடுத்து விற்றிருக்கிறேன். தண்ணீர்ப் பந்தல் போட்டவர்கள் சர்பத்துக்கு 50 கிலோ மூட்டையாகவே வாங்கிப் போனார்கள். தண்ணீர்ப் பந்தலுக்கு நானே ஒரு மூட்டையைத் தர்மமாகக் கொடுத்திருந்தால் மனம் நிறைந்திருக்கும். இது கணினி செய்த தர்மம்.

ஆகவே முதல் வேலை, எல்லாவற்றுக்கும் என்று போட்ட அந்தக் கழிவை எடுத்துவிடு. அரிசி, மா, சீனி, பருப்பு, பால்மா ஆகியவற்றுக்குக் கழிவே வேண்டாம். புள்ளி மட்டும் ஏறட்டும், அதுவும் 100 ரூபாய்க்கு ஒன்று போதும். மாதச் சாமானை எங்களிடமே எடுக்கிறவர்கள் அரிசியும் மாவும்தான் அதிகம் வாங்குகிறார்கள், அவர்களை வெறுங்கையோடு அனுப்ப எனக்கு மனமில்லை. கைத்தொலைபேசி ரீலோட்டுக்கு இரண்டும் வேண்டாம். அதில் எனக்குக் கிடைக்கும் தரகு அவ்வளவு சிறியது.

கழிவு போட வேண்டிய இடம் வேறு. பிஸ்கட், ஜாம், சவர்க்காரம், ஷாம்பு போன்றவற்றில் கொஞ்சம் இலாபம் உண்டு. அங்கேயும் கண்ணை மூடிக்கொண்டு போட முடியாது. 900 ரூபாய்க்கு வாங்கி 1,000 ரூபாய்க்கு விற்கும் பெட்டிக்கு 5 வீதம் கழித்தால் இலாபம் 100 ரூபாய் 50 ஆகிறது; பழைய இலாபத்தைக் காண இரண்டு மடங்கு பெட்டி விற்க வேண்டும். ஆனால் காலாவதியாக ஒரு மாதமே இருக்கும் பெட்டி என்றால் 15 வீதம் கழித்தும் கொடுத்துவிடலாம். குப்பைக்குப் போவதைவிட அது நூறு மடங்கு நல்லது. இதற்குச் சாமான் வரும்போதே காலாவதித் திகதியைப் பதிய ஓர் இடம் வேண்டும். ஒரே பிஸ்கட்டில் பழைய பெட்டிக்குக் கழிவும் புதிய பெட்டிக்கு முழு விலையும் வரும்படி செய்ய முடியுமா என்று பார்.

கழிவுக்குத் தொடங்கும் திகதி, முடியும் திகதி இரண்டும் போட்டே ஆக வேண்டும். திருவிழாவுக்கென்று போட்ட அப்பளக் கழிவு, தேரும் தீர்த்தமும் முடிந்து பத்து நாளாகியும் ஓடிக்கொண்டிருந்தது. அத்தோடு, கூட்டம் தானாக வருகிற நாட்களில் கழிவு எதற்கு? சம்பளக் காசு முடிந்து கடை வெறிச்சோடும் கிழமையில் போடு.

விலையைக் கொஞ்சம் ஏற்றிவிட்டுக் கழிவு காட்டலாம் என்று ஒருவர் எனக்குப் புத்தி சொன்னார். பொதியில் அச்சிட்ட விலைக்கு மேல் விற்பது சட்டப்படி குற்றம். 2003 ஆம் ஆண்டிலிருந்து அதற்கென்றே நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபை இருக்கிறது. சட்டம் இல்லாவிட்டாலும் உன் அப்பாவின் கடையில் அது நடக்காது.

இன்னொரு பிழை. ஒரு பொருளுக்குக் கழிவு கிடைத்த பிறகு, பில்லின் அடியில் கையால் இன்னொரு கழிவும் போட முடிகிறது. காசு வாங்கும் பிள்ளை புதியவள், பாவம். "அக்கா, கொஞ்சம் குறைத்துப் போடுங்கள்" என்று யார் கேட்டாலும் முகம் முறிக்க அவளுக்குத் தெரியாது. அந்தக் கைக்கழிவுக்கு என் கடவுச்சொல் கேட்கும்படி வை. அப்போது அவள் "முதலாளி அம்மாவைக் கேளுங்கள்" என்று சொல்லித் தப்பிக்கொள்வாள், பொல்லாப்பு என்னோடு போகட்டும்.

இனிப் புள்ளி. இதைத்தான் நான் அதிகம் யோசித்தேன். அப்பாவின் சிவப்பு மட்டைக் கடன் கொப்பி உனக்கு ஞாபகம் இருக்கும். 1995 ஒக்டோபர் 30 இரவு, போருக்குப் பயந்து ஊரே தென்மராட்சிக்குப் பெயர்ந்தபோது, நாங்கள் இரண்டு உடுப்புப் பையும் அந்தக் கொப்பியும்தான் கொண்டு போனோம். மறு வருடம் சித்திரையில் திரும்பி வந்தால் கடையில் ஒரு தராசுத் தட்டுக்கூட மிஞ்சவில்லை. அப்பா கொப்பியைத் திறந்து ஒருவரிடமும் போய்க் கேட்கவில்லை. ஆட்கள் தாங்களாகவே வந்தார்கள், ஐம்பதும் நூறுமாக. "எங்கள் பக்கத்தை எடுங்கள் அண்ணை" என்று சொல்லி, அவர் கோடு கீறும்வரை நின்று பார்த்துப் போனார்கள். அந்தக் காசில்தான் கடை மறுபடி எழும்பியது.

அந்தக் கொப்பியில் சனம் எங்களுக்குக் கடன். இந்தப் புள்ளிக் கணக்கில் நாங்கள் சனத்துக்குக் கடன். நேற்றுப் பார்த்தேன், எல்லோரிடமும் சேர்த்து 38,000 புள்ளி நிற்கிறது. என் லாச்சியில் இருக்கும் காசில் 38,000 ரூபாய் என்னுடையதில்லை. மாத முடிவு அறிக்கையில் அந்தத் தொகை கொடுக்க வேண்டிய கடன் பக்கத்தில் தனியாகத் தெரிய வேண்டும். கண்ணில் படாமல் இருந்தால் நான் அதையும் எடுத்துச் சாமான் வாங்கிவிடுவேன்.

ஆறு மாதத்தில் புள்ளி காலாவதியாகும் என்று நீ வைத்தது எனக்குப் பிடிக்கவில்லை. எங்கள் பழைய வாடிக்கையாளர்களில் எத்தனை பேர் கனடாவுக்குப் பிள்ளைகளைப் பார்க்கப் போய் ஆறு மாதம் நின்று வருகிறார்கள் என்று நீயே எண்ணிப் பார். பேரப்பிள்ளையைத் தூக்கிவிட்டு வருகிற மனுசியிடம் "உங்கள் புள்ளி போய்விட்டது" என்று நான் எந்த முகத்தோடு சொல்வேன்? இரண்டு வருடம் வை. கடைசியாக வாங்கிய நாளிலிருந்து அந்த இரண்டு வருடம் தொடங்கட்டும்.

புள்ளியால் கட்டுகிற தொகைக்கு மறுபடி புள்ளி ஏறக் கூடாது. சாமானைத் திருப்பிக் கொடுத்தால் அதற்கு ஏறிய புள்ளியும் இறங்க வேண்டும். மின்வெட்டு நேரத்தில் கையால் எழுதும் பில்லுக்கும் பிறகு புள்ளி ஏற்ற வழி வேண்டும்.

தொலைபேசி இலக்கத்தை வைத்து ஆளைக் கண்டுபிடிக்கிறதையும் மாற்று. போன கிழமை, வரிசையில் ஐந்தாறு பேர் நிற்க, ஓர் இளம்பிள்ளையிடம் "உங்கள் நம்பரைச் சொல்லுங்கள்" என்று எங்கள் பிள்ளை உரத்துக் கேட்டாள். அவள் திரும்பிப் பின்னால் நின்ற பெடியன்களைப் பார்த்தாள். "புள்ளி வேண்டாம் அக்கா" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள். எனக்கு நெஞ்சு சுருக்கென்றது. பார்கோட் போட்ட சிறிய அட்டை அடித்துக் கொடுப்போம். அட்டையைக் காட்டினால் போதும். தனிப்பட்ட தரவுகளைப் பாதுகாக்க 2022 இல் சட்டமே வந்திருக்கிறது என்று கணக்கர் சொன்னார். பெயரும் இலக்கமும் போதும். பிறந்த நாள், அடையாள அட்டை இலக்கம் கேட்கும் பெட்டிகளை எடுத்துவிடு.

ஓய்வுபெற்ற ரீச்சர் ஒருவர் பில்களை நான்காக மடித்துப் பணப்பையில் சேர்த்து வைத்திருக்கிறார். முந்தாநாள் ஒன்றொன்றாக விரித்துக் காட்டினார். அந்தக் கடதாசியில் எழுத்து மங்கி, இரண்டு மாதத்துக்கு முந்திய பில் வெள்ளைத் தாளாகவே இருந்தது. "என் புள்ளி அழிந்துவிட்டதா பிள்ளை?" என்று கேட்டார். கணினியில் 212 என்று காட்டியதும்தான் சிரித்தார். பில்லின் அடியில் அது ஆங்கிலத்தில் வருகிறது. "உங்கள் புள்ளிகள்" என்று தமிழில், கொஞ்சம் பெரிய எழுத்தில் வரச் செய்.

கடைசியாக என்னுடைய ஒரு யோசனை. சில்லறை இல்லையென்று மிச்சக் காசுக்கு ரொபி கொடுக்கிறோமே, அது எனக்கு ஒருநாளும் பிடித்ததில்லை. 3 ரூபாய் மிச்சம் என்றால் அதை 3 புள்ளியாக அவர் கணக்கில் ஏற்ற ஒரு பொத்தான் வைத்துத் தா. விரும்பாதவருக்கு நான் எப்பாடுபட்டாவது சில்லறை தேடிக் கொடுப்பேன்.

ஞாயிறு இரவு 8 மணிக்குக் கடையிலேயே இருப்பேன். உனக்கு அப்போது காலை 10.30. சீனியை முதலில் திருத்து, திங்கள் காலை புது மூட்டை வருகிறது.

அன்புடன்,
அம்மா