மாரிட்ஸ்பர்க் தோழிக்கு

அன்புத் தோழிக்கு,

உன் கடிதம் வந்து சேர்ந்தது. சின்னவளுக்கு நர்சிங்கில் இடம் கிடைத்ததில் எனக்கு எவ்வளவு சந்தோஷம் தெரியுமா! ஆனால் உன் எதிர்வீட்டு ஆயாவின் பேரன் ஒரு கடை வழக்கில் மாட்டிச் சிறையில் இருக்கிறான் என்று படித்தபின் மனம் வேறெதிலும் ஒட்டவில்லை. அதனால் முதலில் அதையே எழுதுகிறேன்.

ஆயா நகையை விற்று வக்கீல் வைக்கப் போகிறார்கள் என்று எழுதியிருக்கிறாய். தயவு செய்து அதை நிறுத்தி வைக்கச் சொல். கோயில் பெண்கள் குழுவோடு நான் இங்கே டர்பனில் வெஸ்ட்வில் சிறைக்குப் போய்வரத் தொடங்கிய பிறகு, இப்படித் தாலி முதற்கொண்டு விற்ற குடும்பங்களைப் பார்த்துவிட்டேன். பணம் முதல் இரண்டு வாய்தாவிலேயே தீர்ந்துபோகிறது. அப்புறம் வக்கீல் வருவதில்லை.

வசதி இல்லாதவனுக்கு வக்கீல் கொடுப்பது அரசின் கடமை. நம் தென்னாப்பிரிக்காவின் 1996 அரசியல் சாசனத்தின் 35-ஆம் பிரிவிலேயே அது இருக்கிறது. அதைச் செய்வதற்கென்றே லீகல் எய்ட் சவுத் ஆப்பிரிக்கா என்ற சட்ட உதவி அமைப்பு இருக்கிறது. அடுத்த தடவை கோர்ட்டில் நிறுத்தும்போது, "எனக்கு லீகல் எய்ட் வக்கீல் வேண்டும்" என்று பையனே மாஜிஸ்ட்ரேட்டிடம் வாய்விட்டுக் கேட்கலாம். அதுவரை காத்திருக்காமல் குடும்பத்தார் உங்கள் ஊரில் இருக்கும் அவர்கள் அலுவலகத்துக்குப் போவது இன்னும் நல்லது. வருமானமும் சொத்தும் எவ்வளவு என்று கேட்பார்கள். சம்பளச் சீட்டு, பேங்க் ஸ்டேட்மென்ட், அடையாள அட்டை எல்லாம் கையில் இருக்கட்டும். "ஓசி வக்கீல் என்ன செய்யப் போகிறார்" என்று யாராவது சொல்வார்கள். லீகல் எய்ட் வக்கீல்களுக்கு வேலைப்பளு அதிகம்தான். ஆனால் தினமும் அதே கோர்ட்டில் நிற்பவர்கள். அங்குள்ள நடைமுறை அவர்களுக்கு அத்துப்படி. பையனின் முகவரி, வேலை, யார் பொறுப்பேற்பார்கள், அவனுடைய ஆஸ்துமா பற்றி டாக்டர் கொடுத்த சீட்டு, எல்லாவற்றையும் ஒரே உறையில் போட்டு அந்த வக்கீல் கையில் கொடுத்தால் பாதி வேலை முடிந்தது.

ஜாமீன் விஷயம்தான் என்னை உறுத்துகிறது. ஜாமீன் கொடுத்தாயிற்று, தொகை கட்ட முடியாததால் உள்ளே இருக்கிறான் என்கிறாய். அவன் குற்றம் செய்தான் என்று எந்தக் கோர்ட்டும் இன்னும் சொல்லவில்லை. அதே குற்றச்சாட்டில் மாட்டிய பணக்கார வீட்டுப் பையன் அன்று சாயங்காலமே வீட்டில் சாப்பிட்டிருப்பான். இதை நியாயம் என்று என்னால் ஒரு நாளும் ஏற்க முடியாது. தொகையைக் குறைக்கச் சொல்லி மறுபடியும் கோர்ட்டில் கேட்கலாம், சட்டத்தில் இடம் உண்டு. சிறையில் இடநெருக்கடி மோசமானால், சிலவகை வழக்குகளில் சிறைத் தலைவரே கோர்ட்டுக்கு விண்ணப்பிக்கவும் வழி இருக்கிறது. இன்னொன்று, நம் ஜனங்களில் பலருக்கு இது தெரியாது: ஜாமீன் பணம் அபராதம் இல்லை. பையன் ஒவ்வொரு தேதிக்கும் ஒழுங்காக ஆஜராகி, சொன்ன நிபந்தனைகளை மீறாமல் இருந்தால், தீர்ப்பு எப்படி வந்தாலும் வழக்கு முடிந்ததும் திரும்பக் கிடைக்கும். ரசீதைப் பத்திரமாக வைக்கச் சொல். அது தொலைந்தால் அலைச்சல்தான்.

உள்ளே அவனுக்கு இன்ஹேலர் கொடுக்கவில்லை என்றால் சும்மா இருக்கக் கூடாது. ஒவ்வொரு நாளும் சிறைத் தலைவரிடம் குறை சொல்லக் கைதிக்கு வாய்ப்புத் தர வேண்டும் என்பது 1998-ஆம் ஆண்டின் சிறைச் சட்டம். சொன்ன குறை பதிவேட்டில் ஏறியதா என்று அவன் கேட்க வேண்டும். அதிலும் பலனில்லை என்றால், சிறைத்துறைக்கு வெளியிலிருந்து வரும் பார்வையாளர்கள் இருக்கிறார்கள். சிறைகளைக் கண்காணிக்கும் நீதித்துறை ஆய்வு அமைப்பு அவர்களை நியமிக்கிறது. அதன் தலைமையில் ஒரு நீதிபதி இருப்பார். அரசியல் சாசன நீதிமன்றத்திலிருந்து ஓய்வு பெற்ற எட்வின் கேமரன் 2020-ல் அந்தப் பொறுப்புக்கு வந்தார். கேப் டவுனின் பொல்ஸ்மூர் சிறையில் காசநோய் தொற்றிய ஒருவரின் வழக்கில், 2012-ல் அரசியல் சாசன நீதிமன்றம் அரசையே பொறுப்பாக்கியது. ஆகவே மருந்து கேட்பது சலுகை கேட்பதாக ஆயா நினைக்க வேண்டாம்.

ஒருவேளை தண்டனை வந்துவிட்டால், மாஜிஸ்ட்ரேட் கோர்ட்டில் மேல்முறையீட்டுக்கு அனுமதி கேட்க 14 நாள்தான். அழுதுகொண்டிருக்கும்போதே அது ஓடிவிடும். இதை மட்டும் இப்போதே குறித்து வை.

கோயிலில் யாரும் அந்த ஆயாவோடு பேசுவதில்லை என்று எழுதியது என்னைச் சுட்டது. நம் ஆட்கள் இப்படி இருக்கலாமா? 1894-ல் டர்பனில் பாலசுந்தரம் என்ற தமிழர், முதலாளி அடித்ததில் முன்பல் இரண்டு உடைந்து, வாயில் ரத்தம் ஒழுக, கிழிந்த துணியோடு காந்தியிடம் போனார். ஒப்பந்தக் கூலியாள் தன் முதலாளியை விட்டுப் போனால் அதுவே சிறைக்குரிய குற்றமாக இருந்த காலம். காந்தி அவரை மாஜிஸ்ட்ரேட்டிடம் அழைத்துப் போய், கடைசியில் வேறு முதலாளியிடம் மாற்ற வைத்தார். ஒரு வக்கீல் கூடவே போனதால் நம்மவர் ஒருவர் பிழைத்தார். தில்லையாடி வள்ளியம்மை உங்கள் ஊர்ச் சிறையில்தான் காய்ச்சலோடு கிடந்தாள். வெளியே வந்து, 1914 பிப்ரவரி 22-ல் இறந்தபோது வயது 16. அவள் படத்துக்கு மாலை போடுகிறோம். எதிர்வீட்டுப் பையன் தியாகி இல்லை, தெரியும். கடைக்காரருக்கு நஷ்டம் ஆகியிருக்கிறது, அதற்கு அவன் பதில் சொல்லத்தான் வேண்டும். ஆனால் சட்டத்தின் துணை நல்லவர்களுக்கு மட்டும் என்று எங்கே எழுதியிருக்கிறது? நீயாவது வெள்ளிக்கிழமை ஆயாவைக் கூட்டிக்கொண்டு கோயிலுக்குப் போ. பார்க்கிறவர்கள் பார்க்கட்டும்.

என் செய்தி அதிகமில்லை. முழங்கால் பரவாயில்லை. சாட்ஸ்வொர்த்தில் சனிக்கிழமைத் தமிழ் வகுப்புக்குப் புதிதாகச் சில பிள்ளைகள் சேர்ந்திருக்கிறார்கள், சத்தம் தாங்க முடியவில்லை. மகன் வேலை மாறப் போகிறான், அதை நேரில் சொல்கிறேன்.

அடுத்த கோர்ட்டு தேதி என்ன, வழக்கு எண் என்ன என்று உடனே எழுது. லீகல் எய்ட் அலுவலகத்துக்கு ஆயா தனியாகப் போகத் தயங்கினால், நான் பஸ் ஏறி வருகிறேன். மூன்று பேருமாகப் போகலாம். ஊறுகாய்ப் பாட்டில் ஒன்று உனக்கென்று எடுத்து வைத்திருக்கிறேன், அப்போது கொண்டு வருகிறேன்.

அன்புடன்,
உன் பழைய வகுப்புத் தோழி