ஒரே தேரியை நான்கு வரைபடத்தில் நான்கு முறை எண்ணுகிறோம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தமிழ்நாட்டின் காற்றுமின் வளம் 95 ஜிகாவாட் என்று செய்திகளில் அடிக்கடி படிக்கிறோம். சென்னை பள்ளிக்கரணையில் உள்ள தேசியக் காற்றாற்றல் நிறுவனம் 150 மீட்டர் உயரத்துக்குப் போட்ட கணக்கு அது. அதே நிறுவனம் 120 மீட்டருக்குச் சொன்னது 68.75 ஜிகாவாட், 100 மீட்டருக்கு 33.8. உயரம் கூடக் கூடக் காற்றின் வேகம் கூடுகிறது, ஆற்றலோ வேகத்தின் முப்படிக்கு ஏற்ப உயர்கிறது. கீழே சோர்ந்து கிடந்த இடங்களும் மேலே போகும்போது பட்டியலுக்குள் வந்துவிடுகின்றன. அதில் பிழை ஏதுமில்லை. நாங்கள் எழுத வந்தது கணக்கின் மறுபாதியைப் பற்றி. அது நிலம்.

காற்று மட்டும் இருந்தால் போதாது, காற்றாடி நிற்க இடம் வேண்டும். 100 மீட்டர் வரைபடத்தில் தரிசு நிலத்தில் 80 சதவீதம், சாகுபடி நிலத்தில் 30 சதவீதம், காட்டில் 5 சதவீதம் கிடைக்கும் என்று வைத்துக்கொண்டுதான் ஜிகாவாட் கணக்கிடப்பட்டது. சூரிய ஒளிக்கும் இதே வழிதான். 2014இல் தேசிய சூரிய ஆற்றல் நிறுவனம் நாடு முழுவதற்கும் சொன்ன ஏறத்தாழ 749 ஜிகாவாட், தரிசு நிலத்தில் 3 சதவீதத்தில் தகடு பதித்தால் என்ற கணக்கில் வந்தது. அந்தப் பட்டியலில் ஜம்மு காஷ்மீருக்கு 111 ஜிகாவாட், தமிழ்நாட்டுக்கு வெறும் 17.67. வித்தியாசத்துக்குக் காரணம் வெயில் அல்ல, தரிசின் பரப்பு. ஆக, 'வள வரைபடம்' என்று நாம் கொண்டாடுவதில் பாதி நிலப் பயன்பாட்டைப் பற்றிய அனுமானம். அந்த அனுமானத்தை ஊருக்குள் போய்ச் சரிபார்க்க வேண்டும்.

தென்கோடிக் கடலோரத்தில் சாத்தான்குளம், திசையன்விளை, உடன்குடிப் பக்கத்தில் இருக்கும் செம்மணல் மேடான தேரியை எடுத்துக்கொள்வோம். காற்று வரைபடத்தில் அந்தச் செம்மணல் மேடு 80 சதவீதம் கிடைக்கும் தரிசாக விழக்கூடிய நிலம். சூரிய வரைபடத்திலும் தரிசு. கனிம வரைபடத்தில் அதே மணல் இல்மனைட், கார்னெட், சிர்கான், மோனசைட் கலந்த கனமணல் படிவு. நிலத்தடி நீர் வரைபடத்தில் அது மழையை உறிஞ்சி வைக்கும் மேடு. மேட்டில் விழும் மழை ஓடையாக ஓடாமல் நேரே இறங்கி, தாழ்ந்த இடத்தில் 'தருவை'யாகக் கசிந்து தேங்குகிறது. புத்தன்தருவை என்ற ஊர்ப் பெயரிலேயே அது இருக்கிறது. இதற்கு நடுவில் காப்புக்காடும் உண்டு, பதநீர் இறக்கும் பனங்காடும் உண்டு. செயற்கைக்கோள் படத்தில் அந்தப் பனைகள் செம்மணலில் சிதறிய புள்ளிகள்தான். நான்கு துறைகள் ஒரே ஏக்கரை நான்கு முறை எண்ணி, நான்கும் நாட்டின் வளம் என்று அறிக்கை தருகின்றன. ஒன்றை எடுத்தால் மற்றது குறையும் என்பது எந்த வரைபடத்திலும் இல்லை.

துறைகளின் உழைப்பை நாங்கள் குறைத்துச் சொல்லவில்லை. 1851இல் தொடங்கிய இந்தியப் புவியியல் ஆய்வு நிறுவனம் இன்று 1:50,000 அளவில் நாடு முழுவதும், எந்த இடத்து மண்ணில் எந்தத் தனிமம் எவ்வளவு என்று காட்டும் புவிவேதி வரைபடம் போடுகிறது. ஒரு டோப்போஷீட், அதாவது ஒரு நிலவரைபடத் தாள், ஏறத்தாழ 700 சதுர கிலோமீட்டர். அதை 2 கிலோமீட்டருக்கு 2 கிலோமீட்டர் கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்துக்குள்ளும் நான்கு இடங்களில் சிற்றோடை வண்டலை எடுத்துக் கலந்து, சலித்து, ஆய்வகத்துக்கு அனுப்புகிறார்கள். ரோட்டோரமும் பாலத்தடியும் கூடாது, வெளிமண் கலந்துவிடும். தேரியில் ஓடையே கிடையாது, மண்ணைத்தான் எடுக்க வேண்டும். ஓடை வண்டல் மேலே உள்ள நிலம் முழுவதையும் பேசும், மண் மாதிரி நின்ற இடத்தை மட்டும் பேசும். இரண்டையும் ஒரே வண்ணத்தில் தீட்டினால் படம் ஏமாற்றும். இது புவியியலாளர்களுக்குத் தெரியும். அந்தப் படத்தை வாங்கித் திட்டம் போடுகிறவர்களுக்குத் தெரிவதில்லை.

இனி அடித்தளம். 2 முதல் 3 மெகாவாட் காற்றாடி ஒன்றுக்கு ஏறத்தாழ 20 மீட்டர் விட்டமுள்ள கான்கிரீட் தளம் வேண்டும். 400 முதல் 600 கன மீட்டர் கான்கிரீட்டை இடைவிடாமல் ஒரே மூச்சில் கொட்ட வேண்டும். அதற்கு முன் காற்றாடி நிற்கும் புள்ளியிலேயே போர் போட்டுப் பார்ப்பார்கள். 63.5 கிலோ சுத்தியலை 75 சென்டிமீட்டர் உயரத்திலிருந்து விழவிட்டு, குழாய் 30 சென்டிமீட்டர் இறங்க எத்தனை அடி ஆகிறது என்று எண்ணும் எஸ்.பி.டி. சோதனைதான் அடிப்படை. தேரியிலும் கடலோரத்திலும் தவறு நடப்பது இங்கேதான். தளர்ந்த மணலுக்குக் கீழே சுண்ணாம்பு இறுகிய மேலோடு ஒன்று வரும். சுத்தியல் அதில் பட்டதும் குழாய் இறங்காது. 'பாறை வந்துவிட்டது' என்று எழுதி மூட்டை கட்டினால், ஒரு மீட்டர் தடிமனுள்ள அந்த ஓட்டுக்குக் கீழே மறுபடி இளக்கமான மணல் கிடப்பது தெரியாமலே போகும். ஓட்டைக் கண்டதும் நிறுத்தாமல், கோர் (உருளை வடிவ மாதிரி) எடுத்தபடி இன்னும் 5 மீட்டராவது இறங்கிப் பார்க்க வேண்டும்.

இன்னொன்று, தளத்தின் மேல் மூடும் மண்ணின் எடையும் காற்றாடி கவிழாமல் பிடித்துவைக்கும் கணக்கில் சேர்கிறது. ஆடிக்காற்றில் தேரி மணல் நகரும். மூடிய மண்ணைக் காற்றே வாரிக்கொண்டு போனால் அந்தக் கணக்கு உடைகிறது. மேலே சரளை பரப்புவதும் ஓரத்தில் கொல்லாமரம் (முந்திரி) வைப்பதும் அதற்காகத்தான். கோவில்பட்டி, கயத்தாறு பக்கக் கரிசலில் சிக்கல் வேறு: மழையில் மண் உப்பிப் பெருகும், கோடையில் வெடிக்கும். முப்பந்தல், ஆரல்வாய்மொழி மலையடிவாரத்தில் பாறை மேலேயே கிடைக்கும். தாங்கும் திறன் பற்றிக் கவலை குறைவு, ஆனால் காய்ந்த பாறையில் மின்சாரம் எளிதில் இறங்காது. இடி தாங்க எர்த்திங் செய்வது பெரும்பாடு.

அந்த எர்த்திங்குக்காக நிலத்தில் நான்கு கம்பிகளைச் சம இடைவெளியில் ஊன்றி மின்தடை அளக்கிறோம். இடைவெளியை அகட்ட அகட்ட ஆழம் தெரியும். நிலத்தடி நீர் தேடுகிறவர்களும் இதே முறையில்தான் அளக்கிறார்கள். தடை திடீரென்று சரிந்தால் கீழே நீர் இருக்கலாம், கடலோரத்தில் உப்புநீர் ஏறியிருக்கலாம். அதாவது ஒவ்வொரு காற்றாடியும் ஒரு மண் அறிக்கை, ஒரு மின்தடை அளவீடு இரண்டையும் உண்டாக்குகிறது. அவை வழக்கமாகக் கம்பெனிக் கோப்பிலேயே தங்கிவிடுகின்றன. ஐந்து ஆண்டு கழித்து அடுத்தவர் பக்கத்துப் புலத்தில் அதே வேலையை முதலிலிருந்து செய்கிறார். மத்தியச் சுரங்க அமைச்சகம் 2023 டிசம்பரில் திறந்த தேசியப் புவியறிவியல் தரவுக் களஞ்சியம் கனிம ஆய்வை மனத்தில் வைத்து அமைக்கப்பட்டது. அதில் காற்றாலை, சோலார் பூங்கா போர் அறிக்கைகளுக்கும் கட்டாய இடம் வேண்டும் என்பது எங்கள் முதல் கோரிக்கை. பிரிட்டிஷ் புவியியல் ஆய்வு நிறுவனத்திடம் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட ஆழ்துளைப் பதிவுகள் இருக்கின்றன. பெரும்பாலானவற்றை யாரும் இணையத்தில் எடுத்துப் பார்க்கலாம்.

காற்று அளவீட்டிலும் இதே கதிதான். வேகத்தில் 10 சதவீதம் பிசகினால் காற்றின் ஆற்றலில் ஏறத்தாழ 30 சதவீதம் பிசகும். கோபுரத்தில் கருவி தாங்கும் கை, மேற்கிலிருந்து வரும் பருவக்காற்றுக்கு நேர் பின்னால் நீண்டிருந்தால், கோபுரத்தின் நிழலில் கருவி மெதுவாகச் சுற்றும். முக்கோணச் சட்டக் கோபுரத்தில் கை காற்றின் திசைக்குக் குறுக்கே நிற்க வேண்டும். மணலும் உப்பும் பேரிங்கைத் தின்னும். இறக்கிய பிறகும் ஒருமுறை கருவியைச் சரிபார்த்தால்தான் ஓராண்டுத் தரவை நம்பலாம். 50 மீட்டரில் அளந்ததை 150 மீட்டருக்குக் கணக்கால் ஏற்றுவது அதைவிட ஆபத்து. கீழே விநாடிக்கு 5.5 மீட்டர் என்றால், உயரத்தோடு வேகம் எவ்வளவு கூடும் என்று சொல்லும் அடுக்கெண்ணை 0.14 என்று வைத்தால் மேலே 6.4, 0.25 என்று வைத்தால் 7.2. பகல் வெயிலில் காற்று மேலும் கீழும் கலந்து வித்தியாசம் குறையும், இரவில் கூடும். ஒரே எண்ணை ஆண்டு முழுவதற்கும் போடுவது ஊகம்.

இதைச் சரிபார்க்க நம்மிடமே ஒரு பொக்கிஷம் இருக்கிறது. தமிழ்நாட்டில் ஒவ்வொரு காற்றாலை இணைப்புக்கும் மின்வாரியம் மாதந்தோறும் மீட்டர் கணக்கு எடுக்கிறது. முப்பந்தலில் பல்லாண்டுகளாகச் சுழலும் பழைய 225, 250 கிலோவாட் காற்றாடிகளின் மாத யூனிட்டுகள், எந்த மாதிரிக் கணக்கையும்விட அந்தக் கணவாயின் காற்றைத் தெளிவாகச் சொல்லும். டென்மார்க் அரசு ஒவ்வொரு காற்றாடியின் இடம், திறன், உயரம், உற்பத்தி அத்தனையையும் பொதுவில் வெளியிடுகிறது. இணைப்பு எண்ணையும் உரிமையாளர் பெயரையும் மறைத்துவிட்டு, இடத்தையும் யூனிட்டையும் நாமும் வெளியிடலாம். பழைய காற்றாடிகளைப் புதுப்பிக்க 2024இல் மாநில அரசு கொள்கை அறிவித்திருக்கிறது. பழையதைக் கழற்றும்போது அந்தப் பதிவும் சேர்ந்து தொலைந்துவிடக் கூடாது.

கடலில் இந்த இணைப்பு ஓரளவு வந்துவிட்டது. 2015ஆம் ஆண்டின் தேசியக் கடல் காற்றாலைக் கொள்கை காற்று அளவீட்டையும் கடலடி ஆய்வையும் சேர்த்தே பேசுகிறது. தரையில்தான் இல்லை.

முதலில் ஒரே ஒரு டோப்போஷீட்டில் செய்து பார்க்கட்டும். தேரி விழும் தாளையே எடுக்கலாம். காற்று, புவியியல், கனமணல், நீர்த்தாங்கி, காடு ஆகிய ஐந்து அடுக்குகளையும் ஒன்றின்மேல் ஒன்றாக வைக்க வேண்டும். இதில் இரண்டு இடங்களில் கவனம் வேண்டும். பூமியின் வடிவத்துக்கு வைத்த அளவை இரண்டு உண்டு: பழைய தாள்கள் எவரெஸ்ட் அளவையில் வரைந்தவை, புதியவை டபிள்யூ.ஜி.எஸ். 84 அளவையில். மாற்றாமல் அடுக்கினால் தென்கோடியில் படம் ஏறத்தாழ 200 மீட்டர் நகர்ந்து விழும். அந்த நகர்வில் மேடு தருவையாகிவிடும். அடுத்தது வருவாய்த் துறையின் புலப்படம். எஃப்.எம்.பி. என்னும் அந்தப் படத்தில் அளவு இருக்கும், அட்சரேகை தீர்க்கரேகை இருக்காது. கிராமத்துக்கு மூன்று சர்வே கற்களையாவது தேடிப்பிடித்து, டி.ஜி.பி.எஸ். (துல்லியமான செயற்கைக்கோள் இடமறி கருவி) வைத்து அளந்து, அவற்றோடு புலப்படத்தைப் பொருத்த வேண்டும். காற்று வரைபடத்தின் ஒரு கட்டம் 500 மீட்டருக்கு 500 மீட்டர், அதாவது 62 ஏக்கர். அதற்குள் எத்தனையோ உட்பிரிவுகளும் பனங்காடும் கிணறும் இருக்கும். அப்படிப் பொருத்திய பிறகு ஒவ்வொரு புலஎண்ணுக்கும் எதிரே எந்தெந்தத் துறை அதைத் தன் கணக்கில் எழுதியிருக்கிறது என்று ஒரு பட்டியல் போட்டு, அந்தந்த ஊராட்சி அலுவலகத்தில் ஒட்ட வேண்டும்.

இப்படிக்கு,
காற்றாலை, நிலவியல் பணியில் உள்ளோர் சிலர்,
திருநெல்வேலி.