கீழ் மடிப்பில் 2 அங்குலம்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற வார இதழில் பள்ளிச் சீருடை பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். ஒரே மூச்சில் படித்தேன் என்று சொல்ல முடியாது. நாலாவது பத்தியில் ஒரு வரி வந்ததும் இதழை மடித்துத் தையல் மிஷின் மேல் வைத்துவிட்டேன், ராத்திரி வேலை முடிந்த பிறகுதான் மிச்சத்தைப் படிக்க மனசு வந்தது. "பிள்ளையின் சீருடையைப் பார்த்தாலே அந்த வீட்டின் அக்கறை தெரிந்துவிடும்" என்பது அந்த வரி. எழுதியவர் நல்ல எண்ணத்தில்தான் எழுதியிருப்பார், பட்டணத்தில் நல்ல தண்ணீர்க் குழாய்க்குப் பக்கத்தில் உட்கார்ந்து எழுதியிருப்பார்.

நான் பாம்பனில் தையல் வேலை செய்கிறவள். கணவர் விசைப்படகில் பங்குக்குப் போகிறவர். மகன் ஏழாம் வகுப்பு. போன ஜூன் மாதம் பள்ளி திறந்த மூன்றாம் நாள் பிரேயரில் அவனை வெளியே கூப்பிட்டு நிறுத்தி, "பேண்டை மடிச்சு விட்டுக்கிட்டு வலை இழுக்கவா வந்திருக்க?" என்று ஒரு ஆசிரியர் கேட்டார். பையன் மடித்து விடவே இல்லை ஐயா. அந்த இரண்டு மாத லீவில் அவன் வளர்ந்துவிட்டான், பேண்ட் வளரவில்லை. எல்லாப் பிள்ளைகளும் சிரித்தார்கள், சிரித்ததில் பாதிப் பேர் வலை இழுக்கிறவர்களின் பிள்ளைகள்.

அம்மா தையல்காரி, மகனுக்குக் கீழ் மடிப்பைப் பிரித்து விடத் தெரியாதா என்று நீங்கள் கேட்கலாம். பிரித்துத்தான் பார்த்தேன். உள்ளே அரை அங்குலம்கூட இல்லை. அதற்கு முந்தின வருஷம் கொஞ்சம் இருந்தது, பிரித்து இறக்கி விட்டேன், வெளுக்காத துணி கரும்பட்டையாகத் தெரிகிறது என்று அதற்கும் ஒரு பேச்சு வாங்கினான்.

விலையில்லாச் சீருடையைக் குறை சொல்வதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். 1985-ல் சத்துணவு சாப்பிடும் பிள்ளைகளுக்கென்று வந்த திட்டம், இப்போது எட்டாம் வகுப்பு வரைக்கும் வருஷத்துக்கு 4 செட். அது இல்லாவிட்டால் எங்கள் தெருவில் பாதிப் பிள்ளைகள் கிழிசலோடு போவார்கள். துணி விசைத்தறிக் கூட்டுறவுச் சங்கத்தில் நெய்கிறார்கள், மகளிர் தையல் கூட்டுறவுச் சங்கங்களில் தைக்கிறார்கள், தைப்பதும் என்னை மாதிரிப் பெண்கள்தான். ஆனால் எங்கள் பக்கம் வந்து சேரும்போது பள்ளி திறந்து எத்தனை நாள் ஆகிறது, வந்தது யாருக்குப் பொருந்துகிறது என்று என் கடைக்கு வந்தால் தெரியும். ஒன்று தொளதொளவென்று இருக்கும், இல்லையென்றால் அக்குளில் பிடிக்கும். பிடித்துக் கொடுக்க நான் 30 ரூபாய் வாங்குகிறேன். அதையும் சிலரிடம் வாங்க முடியாது, ஏனென்றால் அது ஜூன் மாதம்.

ஜூன் மாதம் என்றால் என்னவென்று உங்களுக்குத் தெரியாததா? ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம், விசைப்படகுகள் எல்லாம் கரையில் கிடக்கும். நிவாரணம் குடும்பத்துக்கு 8,000 ரூபாய். வகுத்துப் பார்த்தால் ஒரு நாளைக்கு 131 ரூபாய் வருகிறது, அதில் அரிசியும் வேண்டும், வட்டியும் வேண்டும், பிள்ளைக்கு ஷூவும் வேண்டும். தடைக்காலம் முடிவதற்கு முன்னாலேயே பள்ளி திறந்துவிடுகிறது. வீட்டில் காசே இல்லாத வாரமாகப் பார்த்துத்தான் பிரேயரில் அக்கறையைச் சோதிக்கிறார்கள்.

அப்புறம் தண்ணீர். அதிகாரிகளை மிரட்டுவதற்கு "தண்ணியில்லாக் காட்டுக்கு மாத்திருவேன்" என்று சொல்வார்களே, அந்தக் காட்டில் குடியிருப்பவர்கள் நாங்கள். ஊற்றில் வருவது உப்பு, சோப்பு நுரைக்காது. வெளிர் நிறச் சட்டை நாலு துவைப்பில் பழுப்பேறிவிடும். நல்ல தண்ணீரைக் குடம் கணக்கில் காசு கொடுத்து வாங்குகிறோம், அதில் சட்டை அலசவா முடியும்? கடல் காற்றில் பேண்ட் கொக்கி மூன்று மாதத்தில் துருப்பிடித்து இடுப்பில் கறையாக இறங்குகிறது. ஜிப் இறுகிப் போகும், மெழுகு தேய்த்து ஓட்டுகிறோம். இதையெல்லாம் பார்க்காமல் கறையை மட்டும் பார்த்து வீட்டை எடை போடுகிறவரை என்ன சொல்வது, பெரிய மனுஷர்.

பெண் பிள்ளைகள் விஷயத்தை எழுதக் கூச்சமாக இருக்கிறது, ஆனாலும் எழுதுகிறேன். ஆறு, ஏழு, எட்டில்தான் பிள்ளைகள் ஆளாகிறார்கள். அம்மாக்கள் சாயங்காலமாக, ஆள் இல்லாத நேரம் பார்த்து வந்து, உள்ளே இன்னொரு மடிப்புத் துணி கொடுத்துத் தைத்துத் தரச் சொல்கிறார்கள். பாவாடையையும் பேண்டையும் வெளிர் நிறத்தில் வைக்கும் தனியார் பள்ளிகளில் இந்தச் சங்கடம் யாருக்குமே தோன்றவில்லையா? அங்கே புதன்கிழமை முழு வெள்ளை வேறு. அதுவும் அவர்கள் சொல்லும் ஒரே கடையில், அவர்கள் சொல்லும் விலையில்.

நான் படித்தபோது நீலப் பாவாடை, வெள்ளைத் தாவணி. என் தாவணி வெள்ளையாக இல்லை என்று ஒரு மாதத்தில் மூன்று தடவை வெளியே நின்றிருக்கிறேன். எட்டாவதோடு படிப்பை விட்டதற்கு அதுதான் காரணம் என்று பொய் சொல்ல மாட்டேன். விட்டபோது வருத்தமாக இல்லை, அவ்வளவுதான்.

கட்டுரையாளர் இன்னொன்றும் சொல்கிறார், சீருடை சாதியை ஒழித்துவிட்டதாம். அப்படியானால் 2023-ல் நாங்குநேரியில் கூடப் படித்த பிள்ளையையே வீடு புகுந்து வெட்டினார்களே, அவர்கள் சீருடை போடாதவர்களா? அதன் பிறகு பள்ளிகளில் சாதி மோதலைத் தடுக்க வழி கேட்டு அரசு அமர்த்திய ஓய்வுபெற்ற நீதிபதி சந்துரு 2024-ல் கொடுத்த அறிக்கையில், சாதியைக் காட்டக் கையில் கட்டும் கலர் கயிற்றுக்குத் தடை கேட்க வேண்டி வந்தது ஏன்? எந்தக் கலர் யாருடையது என்று எங்கள் மாவட்டத்தில் ஆறாம் வகுப்புப் பிள்ளை சொல்லும். சட்டையின் நீளத்தை அளக்கிற கண்ணுக்குக் கயிறு மட்டும் தெரிவதில்லை.

வருஷா வருஷம் ஜூலை 27 வந்தால் அப்துல் கலாமுக்குச் சிறப்புப் பக்கம் போடுகிறீர்கள். ராமேஸ்வரத்தில் அவர் ஐந்தாம் வகுப்பு படித்தபோது, பூணூல் போட்ட நண்பன் பக்கத்தில் தொப்பி போட்ட பையன் உட்காரக் கூடாது என்று ஒரு புது வாத்தியார் அவரைக் கடைசி வரிசைக்கு அனுப்பினார். நண்பனின் அப்பா, கோயில் அர்ச்சகர் லட்சுமண சாஸ்திரி, தொப்பியைக் கழற்றச் சொல்லவில்லை, வாத்தியாரைக் கூப்பிட்டுக் கண்டித்தார். அந்தக் கதையை நீங்களும் எத்தனையோ தடவை எடுத்துப் போட்டிருப்பீர்கள். என் மகனை நிறுத்தியபோது அப்படிக் கண்டிக்க ஆள் இல்லை. நான்தான் போய்க் கேட்டேன், "சட்டம் பேசுறீங்களாம்மா?" என்றார்கள். ஆமாம், கல்வி உரிமைச் சட்டம் 17-ஆம் பிரிவு, அடிக்கவும் கூடாது, மனசை வதைக்கவும் கூடாது. ரேஷன் கடை வரிசையில் நின்றபடி மகனின் போனில் தேடித் தெரிந்துகொண்டேன்.

சரி, இவ்வளவு எழுதிவிட்டு நான் கேட்கப்போவது சின்ன விஷயம். தைத்துக் கொடுக்கும் பேண்டிலும் சுடிதாரிலும் கீழ் மடிப்பில் 2 அங்குலம் துணி உள்ளே விடச் சொல்லி, சீருடை கொடுக்கும் துறை அதிகாரிகள் கண்ணில் படுகிற மாதிரி ஒரு பெட்டிச் செய்தி போடுங்கள். கொக்கிக்குப் பதிலாகப் பிளாஸ்டிக் பட்டன் வைத்தால் இன்னும் நல்லது. ஜூன் மாதம் முடியும்வரை உடுப்புக்காக யாரையும் வெளியே நிறுத்த வேண்டாம் என்றும் ஒரு வரி சேர்க்க முடிந்தால் சேருங்கள்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் குடிநீர் பற்றி நான் எழுதிய கடிதத்தைப் பாதியாக வெட்டி, கீழே ராமேஸ்வரம் என்று ஊர் போட்டிருந்தீர்கள். என் ஊர் பாம்பன். பாலத்தைப் படம் பிடிக்க உங்கள் ஆட்கள் வந்துபோகிற ஊர்தான்.

இப்படிக்கு,
ஒரு தையல்காரி,
பாம்பன்