ஊருணித் தண்ணீரில் சோதித்துக் காட்டுங்கள்

காரைக்குடி மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையத்தின் அறிவியலாளர்களுக்கு,

வணக்கம். வள்ளல் அழகப்பச் செட்டியார் வழங்கிய நிலத்தில் 1948இல் அடிக்கல் நாட்டப்பட்டு எழுந்த உங்கள் நிலையத்தின் சுற்றுவட்டார ஊர் ஒன்றில் வசிப்பவன் நான். ஒளியால் தூண்டப்படும் பொருள்களைக் கொண்டு குடிநீரில் உள்ள கிருமிகளை அழிக்கும் முறையை, செட்டிநாட்டு ஊருணித் தண்ணீரிலும் வீட்டு முற்றங்களில் பிடிக்கும் மழைநீரிலும் சோதித்துக் காட்ட வேண்டும் என்று கேட்கவே இம்மடலை எழுதுகிறேன்.

1972இல் ஜப்பானின் ஃபுஜிஷிமாவும் ஹோண்டாவும் டைட்டானியம் டை ஆக்சைடு மின்முனையில் ஒளியைப் பாய்ச்சித் தண்ணீரை ஹைட்ரஜனாகவும் ஆக்சிஜனாகவும் பிரித்துக் காட்டியதிலிருந்து வளர்ந்த துறை இது என்பதால், மின்வேதியியலாளர்களாகிய உங்களிடம் கேட்பதே முறை. வெள்ளைப் பெயின்டில் சேர்க்கும் அதே சேர்மத்தின் மேல் புற ஊதாக் கதிர் பட்டால், நீரிலிருந்து ஹைட்ராக்சில் தனி உறுப்புகள், அதாவது எதிர்ப்பட்டதோடு உடனே வினைபுரியும் நிலையற்ற துணுக்குகள், உண்டாகி, பாக்டீரியாவின் மேலுறையைச் சிதைத்துவிடுகின்றன. இல்மனைட் என்னும் அதன் தாது குமரி மாவட்டத்து மணவாளக்குறிச்சிக் கடற்கரை மணலிலேயே கிடைக்கிறது. வெயிலுக்கும் எங்கள் சீமையில் பஞ்சமில்லை. ஆனால் அந்த வெயிலில் ஏறத்தாழ 5 விழுக்காடே புற ஊதாக் கதிர் என்பதால், கண்ணுக்குத் தெரியும் ஒளியிலும் வேலை செய்யும்படி நைட்ரஜன் கலந்த டைட்டானியம் டை ஆக்சைடு போன்றவற்றை உருவாக்கும் ஆய்வுகள் உலகெங்கும் நடந்து வருகின்றன.

இத்தகைய ஆய்வுகள் பலவும் காய்ச்சி வடித்த நீரில் அளவறிந்த கிருமியை விட்டுச் செய்யப்படுகின்றன. எங்கள் ஊருணித் தண்ணீர் அப்படிப்பட்டதன்று. செம்மண் கரைந்து வரும் நீர் அது. குடத்தின் வாயில் துணி கட்டி வடித்த பிறகும், கண்ணாடித் தம்ளரில் ஊற்றினால் அதன் கலங்கல் தெரியும். அதனால்தான் நம் பாட்டிமார் தேத்தாங்கொட்டையைப் பானையின் உட்புறத்தில் இழைத்துவிட்டு, மண் அடியில் படியும்வரை காத்திருந்தார்கள். அந்தக் கலங்கல் ஒளியை மறைக்கும். இலை மட்கிய கரிமப் பொருளும் நீரில் கரைந்துள்ள பைகார்பனேட் உப்பும், கிருமியைத் தாக்க வேண்டிய தனி உறுப்புகளை வழியிலேயே தீர்த்துவிடும். ஆய்வகத்தில் அரை மணி நேரத்தில் முடிந்த வேலை இங்கே அரை நாளில் முடியுமா என்பதை ஊருணிக் கரையில்தான் அறிய முடியும். தேத்தாங்கொட்டையால் தெளியவைத்த நீரையும் தெளியவைக்காத நீரையும் ஒரே வெயிலில் அருகருகே வைத்துப் பார்ப்பது, என் எண்ணத்தில், முதலில் செய்ய வேண்டிய சோதனை.

முற்றத்து மழைநீர் இதற்கு இன்னும் ஏற்றது. நாற்புறத் தாழ்வாரங்களிலிருந்து அண்டாவில் பிடிக்கும் அந்த நீரில் உப்பும் கலங்கலும் குறைவு. ஓட்டின் மேல் கிடக்கும் பறவை எச்சமே கவலை. மழை பெய்யும் ஐப்பசி, கார்த்திகையில் வெயில் குறைவு என்பது உண்மைதான். ஆகவே மேகம் மூடிய நாளின் அளவீடுகளையும் தவறாமல் எடுக்க வேண்டும்.

பொடியை நீரில் கலக்கும் முறையை மட்டும் தயவுசெய்து எங்களிடம் கொண்டுவர வேண்டாம். நுண்துகள்களைக் குடிநீரிலிருந்து திரும்பப் பிரிப்பது கடினம்; கண்ணாடித் தகட்டிலோ சுட்ட மண் ஓட்டிலோ உறுதியாகப் பூசிய வடிவமே வீட்டுக்குப் பொருந்தும். அந்தப் பூச்சு எத்தனை மாதம் உரியாமல் தாங்கும் என்பதையும் சொல்ல வேண்டும்.

குளோரினுக்கு உள்ள ஒரு நன்மை இதற்கு இல்லை என்பதையும் மக்களிடம் வெளிப்படையாகச் சொல்லுங்கள். குளோரின் நீரில் தங்கிக் காவல் காக்கும். இதுவோ ஒளி நின்றதும் நின்றுவிடும். குற்றுயிராய்த் தப்பிய பாக்டீரியா இருட்டில் தேறிப் பெருகவும் கூடும். எனவே மாலையில் மட்டுமன்றி, இரவு முழுதும் மூடிவைத்து மறுநாள் காலையிலும் கிருமிகளின் எண்ணிக்கையை அளந்து பாருங்கள். 100 மில்லி லிட்டரில், மலக் கலப்பைக் காட்டும் ஈ.கோலை பாக்டீரியா ஒன்றுகூட இருக்கக் கூடாது என்னும் இந்தியத் தர அளவே வரம்பாக இருக்கட்டும். இது நிறைவேறும்வரை, ஊராட்சித் தொட்டிகளில் பிளீச்சிங் பவுடர் போடுவதை எவரும் நிறுத்திவிடக் கூடாது.

குடிநீர் ஊருணி இன்றும் புழக்கத்தில் உள்ள ஓர் ஊரைத் தேர்ந்து, ஊராட்சியின் ஒப்புதலுடன் ஓராண்டு இச்சோதனையை நடத்துங்கள். மாதந்தோறும் வந்த முடிவை, நல்லதாயினும் அல்லதாயினும், தமிழில் எழுதி ஊருணிப் படித்துறையில் ஒட்டுங்கள்.

இப்படிக்கு,
செட்டிநாட்டு ஊர்க்காரன் ஒருவன்